யந்திரம் நின்றால் நங்கூரம்

படகுக்கு யந்திரம் வந்த நாள் முதலாக நங்கூரத்தின் மதிப்புக் குன்றிவிட்டது. பாய் விரித்துச் சென்ற காலத்தில், காற்று எதிர்த்து வீசினால் மேலே செல்ல இயலாது. நங்கூரமிட்டுக் காத்திருப்பதே கதியாக இருந்தது. ஆதலின் பழைய கடலோடிகள் அதனைப் பாய்க்கும் சுக்கானுக்கும் ஒப்பப் போற்றினர். இன்றோ விசையைத் திருகினால் படகு காற்றை எதிர்த்துச் செல்கிறது. யந்திரம் உள்ள வரையில் நமக்கென்ன குறை என்ற மனோபாவம் பெருகியிருக்கிறது. துருவேறிய நங்கூரமும், வெயிலில் வெளுத்த கயிறும் படகின் மூலையில் கிடக்கின்றன. யந்திரத்தைப் பழுது பார்க்கச் செலவிடும் பணத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அவற்றுக்கு ஒதுக்கப்படுவதில்லை.

ஆனால் யந்திரம் நிற்காது என்று யார் உறுதி கூறக்கூடும்? எண்ணெயில் சிறிது நீர் கலந்தால் நிற்கும். அறுந்த வலை ஒன்று சுழல்விசிறியில் சுற்றினால் நிற்கும். மின்கலம் வற்றினால், நின்றது மீண்டும் ஓடாது. அந்தக் கணத்தில் படகுக்கும் பாறைக்கும் இடையே, படகுக்கும் உடையும் அலைக்கும் இடையே, எஞ்சியிருக்கும் காவல் ஒன்றே ஒன்றுதான். அந்தக் காவல் நங்கூரம். அதைக் குறித்து இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். பரம்பரையாகக் கடலை அறிந்தவர்களுக்குப் பாடம் கற்பிக்கும் எண்ணம் நமக்கில்லை. ஆனால் விசைப்படகும் அதன் கருவிகளும் பரம்பரையாக வந்தவையல்ல. இந்தியாவும் நார்வேயும் 1952-ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகக் கேரளக் கரையில் விசைப்படகுத் தொழிலுக்கு ஊக்கம் பிறந்தது. அதன் பின்னரே அது நமது கரையிலும் பரவியது. கண்ணாடியிழைப் படகுகளோ, 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் மிகப் பெருந்தொகையில் வந்து சேர்ந்தன. புதிய படகுக்குப் பழைய பழக்கம் மட்டும் போதாது என்பதே நமது வாதம்.

பாக் விரிகுடாவை எடுத்துக்கொள்வோம். அங்கு யந்திரம் நின்ற படகு காற்றோடும் நீரோட்டத்தோடும் மிதந்து சென்றால், 1974-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் வகுத்த எல்லையைத் தாண்டிவிடக் கூடும். கடலில் வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. தாண்டினால் நேர்வது கைதும், சிறையும், படகு பறிமுதலும் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எல்லைப் பிரச்னையின் நியாய அநியாயங்களை இங்கு ஆராயப் புகவில்லை. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. அந்த விரிகுடா ஆழமற்றது. பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டருக்கு மேற்படாது. ஆகவே, நல்ல நங்கூரமும் 100 மீட்டர் கயிறும் உடைய படகு, யந்திரம் நின்றாலும் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்று உதவிக்குக் காத்திருக்க இயலும். நூறு மீட்டர் கயிறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை காண்பதே நங்கூர சாஸ்திரத்தின் முதற்பாடம்.

நங்கூரம் தன் கனத்தால் படகை நிறுத்துகிறது என்று பலர் எண்ணுகின்றனர். இது பெருந்தவறு. சில கிலோ எடையுள்ள இரும்பு, பல நூறு கிலோ இழுப்பை வெறும் கனத்தால் எவ்வாறு தாங்கும்? உழுகின்ற கலப்பையைப்போல் அதன் நகம் தரையில் புதைந்து பற்றுகிறது. கயிறு தரையோடு தரையாகக் கிடையாய் இழுத்தால் நகம் மேலும் மேலும் புதையும். கயிறு மேல்நோக்கி இழுத்தால், கிழங்கைப் பிடுங்குவதுபோல் அதுவே நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். பிடிப்புக்கு ஆதாரம் இழுப்பின் கோணமே. அந்தக் கோணத்தை நிர்ணயிப்பது கயிற்றின் நீளம்.

கணக்கு எளியது. கடலின் ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து படகின் அணியம் வரையுள்ள உயரத்தையும், வரக்கூடிய ஏற்றவற்றத்தின் உயர்வையும் கூட்ட வேண்டும். அந்தத் தொகையைப் போல் ஏழு மடங்கு நீளம் விட வேண்டும் என்பது கயிறும் சிறிது சங்கிலியும் உடைய படகுக்குப் பொதுவிதி. காற்று அமைந்த பகலில், விழித்திருந்து சிறிது நேரம் நிற்பதற்கு ஐந்து மடங்கு போதும். புயற்காற்றில் பத்து மடங்கு வேண்டும். முழுவதும் சங்கிலியே உள்ள படகுக்குச் சங்கிலியின் கனமே கோணத்தைத் தாழ்த்துவதால், அமைந்த நிலையில் மூன்று முதல் ஐந்து மடங்கு வரை போதுமென்பர். கயிறு விறைத்து நேராக நிற்கும்போது ஏழு மடங்கில் கோணம் சுமார் 8 டிகிரி. மூன்று மடங்கில் 19 டிகிரிக்கு மேல். இரண்டு மடங்கிலோ 30 டிகிரி. முப்பது டிகிரியில் இழுக்கப்படும் நங்கூரம் பெயரளவில்தான் நங்கூரம்.

ஆழம் 6 மீட்டர், அணியத்தின் உயரம் 1 மீட்டர், ஏற்றம் 1 மீட்டர் என்று கொள்வோம். கூட்டினால் 8, ஏழு மடங்கு 56 மீட்டர். ஆழத்தை மட்டும் கணக்கிட்டு 42 மீட்டர் விட்டவர், ஏழு மடங்கு விட்டதாக எண்ணி நிம்மதியாகத் தூங்குவார். உண்மையில் விட்டது ஐந்து மடங்கும் சொற்பமுமே. நமது கரையில் ஏற்றவற்றம் சிறிதாகையால் இந்தப் பிழை பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. குஜராத்திலுள்ள பவநகர்ப் பக்கத்திலோ கடல் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. வற்றத்தில் அதே 6 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிடும் படகுக்கு அங்கு 119 மீட்டர் வேண்டும். இங்கு கற்ற 56 மீட்டர்க் கணக்கோடு அங்கு செல்பவரின் படகு, ஏற்றம் வந்தவுடன் நங்கூரத்தையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டுவிடும். பாக் விரிகுடாவில் 12 மீட்டர் ஆழத்தில் இதே கணக்கு 98 மீட்டரில் முடிகிறது. நாம் முன்பு கூறிய நூறு மீட்டரின் நியாயம் இதுவே.

காற்றின் கணக்கு இதனினும் கடுமையானது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தாக்குதல் நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்காகிறது. மாலையில் இளங்காற்றுக்குப் பிடித்த நங்கூரம் நள்ளிரவில் வாடை முறுகும்போதும் பிடிக்கும் என்பது நிச்சயமில்லை. பெருங்கப்பல்களும் இந்த விதிக்கு விலக்கல்ல. 2012 அக்டோபர் 31-ஆம் தேதி ‘நீலம்’ புயலின்போது, சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்ற ‘பிரதிபா காவேரி’ என்னும் எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தில் நில்லாது அடித்து வரப்பட்டு, பெசன்ட் நகர்ப் பக்கத்தில் தரை தட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களில் சிலர் அலையில் மாண்டனர். கப்பலுக்கே அந்தக் கதியெனில், கண்ணாடியிழைப் படகின் நிலை என்னவென்று சொல்ல வேண்டுமா?

இனி, எந்த நங்கூரம்? எல்லாத் தரைக்கும் ஏற்ற நங்கூரம் ஒன்று இல்லை. இங்கிலாந்தின் பௌதிக அறிஞர் ஜி. ஐ. டெய்லர் 1933-ஆம் ஆண்டில் கலப்பை வடிவ நங்கூரத்தை அமைத்தார். கனத்தைக் கூட்டாமல் வடிவத்தால் பிடிப்பைக் கூட்டலாம் என்பதை அது மெய்ப்பித்தது. அகன்று மடங்கும் இரு நகங்களை உடையது அமெரிக்கரான ரிச்சர்டு டான்போர்த்தின் பெயர் பெற்ற நங்கூரம். இரண்டாவது உலக யுத்தத்தில், கரையேறிய படைப்படகுகளை மீண்டும் கடலுக்குள் இழுக்க அது பயன்பட்டது. மணலிலும் சேற்றிலும் இது நன்கு பிடிக்கும். ஆனால் காற்றுத் திசை மாறிப் படகு சுற்றினால் பெயர்ந்துவிடுவதுண்டு. கலப்பை வடிவம் திரும்பிப் பிடிப்பதில் சிறந்தது. நமது படகுகளில் மலிந்துள்ள நான்கு கொக்கி நங்கூரம் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளுமேயன்றி, மணலில் உழுதுகொண்டே வரும். இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த அத்தகைய கொக்கி ஒன்றையே நம்பி மணற்கடலில் இரவைக் கழிப்பது அறிவுடைமையாகாது. இருவகை நங்கூரங்கள் ஒரு படகில் இருப்பதே சிறப்பு. ஒன்றை இழந்தாலும் மற்றொன்று உதவும்.

நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையே சங்கிலி இருத்தல் இன்றியமையாதது. அதன் நீளம் படகின் நீளத்துக்குக் குறையலாகாது. கனத்தால் இழுப்பைத் தாழ்த்துவது அதன் முதல் வேலை. பாறையும் கிளிஞ்சலும் அறுக்காமல் கயிற்றைக் காப்பது இரண்டாவது. கயிற்றில் நைலானே மேல். அது நீண்டு கொடுத்து அலையின் உதைப்பை விழுங்கும், நீரில் அமிழும். மலிவாகக் கிடைக்கும் பாலிபுரோப்பிலீன் கயிறு மிதக்கும். ஆகையால் சுழல்விசிறியில் சிக்கும். வெயிலில் வெகு சீக்கிரம் நொய்ந்தும் போகும். முடிச்சுப் போட்ட கயிறு தன் பலத்தில் பெரும்பங்கை முடிச்சிலேயே இழந்துவிடுகிறது. புரிகளைப் பிரித்து நெய்து செய்த கண்ணி, உள்ளே உலோகக் காப்பு வைத்து, ஷேக்கிள் மூலம் சங்கிலியோடு சேருவதே முறை. அந்த ஷேக்கிளின் ஆணி தானே கழன்றுவிடாதபடி கம்பியால் கட்டிவைக்க வேண்டும். ஆணி ஒன்று கழன்றால் படகு போயிற்று.

நங்கூரமிடும் முறையிலும் பிராணாபாயங்கள் பல உள. முதலாவது, கயிற்றின் கடைக்கோடி படகில் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டாமல் விட்ட கயிறு முழுவதும் கடலுக்குள் ஓடியதைப் பார்த்துத் திகைத்து நின்றவர்கள் எத்தனையோ பேர். பின்னர்ச் சுற்றிலும் மற்றப் படகுகள் உள்ள தூரத்தைக் கவனித்து, நமது படகு கயிற்றின் நீளத்துக்கு வட்டமிட்டாலும் எதிலும் மோதாத இடத்தைத் தேர்ந்து, காற்றை எதிர்த்து மெல்லச் சென்று படகை நிறுத்த வேண்டும். நங்கூரத்தை இறக்க வேண்டுமேயன்றி வீசியெறியலாகாது. எறிந்தால் சங்கிலி அதன்மேலேயே குவிந்து நகங்களில் சுற்றிக்கொள்ளும். ஓடும் கயிற்றின் சுருளுக்குள் கால் வைப்பவர் நங்கூரத்தோடு கடலுக்குள் செல்வார். தொங்கும் துண்டு, தளர்ந்த கைலி, விரலிலுள்ள மோதிரம் யாவும் அப்போது விரோதிகள். நங்கூரம் தரையைத் தொட்டபின், படகு பின்னோக்கி நகர நகரக் கயிற்றை விட்டு, முழு நீளமும் சென்றதும் அணியத்தில் கட்டி, யந்திரத்தைப் பின்னோக்கி மெல்ல இயக்கி நங்கூரத்தைப் புதைக்க வேண்டும். கரையிலுள்ள கோபுரம் ஒன்றையும் அதன் முன்னுள்ள மரம் ஒன்றையும் ஒரே நேர்கோட்டில் குறித்துக்கொண்டால், படகு நழுவுகிறதா என்பது கண்ணுக்கே புலனாகும். கயிற்றின்மேல் கை வைத்தாலும் தெரியும்: பிடித்த நங்கூரத்தின் கயிறு அமைதியாக விறைக்கும், இழுபடும் நங்கூரத்தின் கயிறு கையில் நடுங்கும்.

ஒன்றை மட்டும் தடித்த எழுத்தில் எழுதிவைக்க வேண்டும் என்போம். சிறு படகைப் பின்புறத்தில் நங்கூரக் கயிற்றால் கட்டி ஒருபோதும் நிறுத்தலாகாது. அணியம் அலையைப் பிளக்க அமைந்தது. பின்புறமோ யந்திரத்தைச் சுமந்து தாழ்ந்திருப்பது, தட்டையானது. அங்கே கயிறு கீழே இழுக்க, அலை ஒன்று உள்ளே புகுந்தால் இரண்டாவது அலைக்குப் படகு மிஞ்சாது. அவுட்போர்டு யந்திரத்தருகே கயிறு கட்ட வசதியாயிருக்கிறது என்பதற்காக உயிரைப் பணயம் வைப்பதா?

தூக்கும்போதும் அதே ஜாக்கிரதை வேண்டும். படகை நங்கூரத்தை நோக்கி யந்திரத்தால் மெல்லச் செலுத்தி, தளர்ந்த கயிற்றைச் சுருட்ட வேண்டும். கயிறு நெட்டாக நின்றதும் அணியத்தில் இறுகக் கட்டினால், அலையில் படகு எழும் எழுச்சியே நங்கூரத்தைப் பெயர்த்துவிடும். பெயராவிடில், போட்ட திசைக்கு எதிர்த்திசையிலிருந்து மெல்ல இழுத்துப் பார்க்கலாம். பக்கவாட்டிலோ பின்புறத்திலோ கட்டிக்கொண்டு யந்திரத்தின் முழு வேகத்தால் இழுப்பது படகைக் கவிழ்க்கும் வழி. பாறையுள்ள இடமெனில், நங்கூரத்தின் தலைப்பகுதியில் தனியே ஒரு மெல்லிய கயிற்றையும் மிதவையையும் கட்டி இறக்குவது முன்யோசனை. எல்லா வழியும் தவறி அபாயம் நெருங்கினால் கயிற்றை வெட்டிவிட வேண்டும். ஆகவே கூரிய கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மின்சாரத்தால் நங்கூரம் தூக்கும் விண்ட்லஸ் உடையவர்கள் கவனிக்க வேண்டுவது: அது நங்கூரத்தைத் தூக்க ஏற்பட்டதேயன்றிப் படகை இழுக்க ஏற்பட்டதன்று. நின்ற பின்னர் இழுப்பை அதன்மேல் விடாமல் தனிக்கயிற்றால் கட்டுமுளைக்கு மாற்ற வேண்டும். சுழலும்போது அதனருகே கை செல்லலாகாது.

நிற்க, பராமரிப்புக்கு வருவோம். உப்பு நீர் இரும்பின் சத்துரு. கரை சேர்ந்ததும் நங்கூரத்தையும் சங்கிலியையும் கயிற்றையும் நன்னீரால் கழுவி, காற்றோட்டமுள்ள இடத்தில் உலர்த்தி வைக்க வேண்டும். வைக்கும் அறையின் வடிகால் அடைபடாதிருக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை சங்கிலியைத் தரையில் நீட்டிக் கண்ணி கண்ணியாகப் பார்ப்பது நலம். கண்ணியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அச்சங்கிலியை மாற்றிவிடுவதே உத்தமம். ஒரு முனை மட்டும் தேய்ந்து மறு முனை புதிதாயிருப்பின், திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பத்து மீட்டருக்கு ஒருமுறை வர்ணத்தால் அடையாளமிட்டால், விட்ட நீளம் இவ்வளவென்று இருட்டிலும் விளக்கொளியில் கண்டறியலாம். கயிறு அணியத்தில் உராயும் இடத்தில் பழைய ரப்பர்க் குழாயோ தடித்த துணியோ சுற்ற வேண்டும். புயலில் கயிறு அறுபடுவது பெரும்பாலும் அந்த ஓரிடத்தில்தான். புரிகள் மயிர்விட்ட கயிறும், விறைத்துப் போன கயிறும் நங்கூரத்துக்கு உதவா. வளைந்த தண்டை அடித்து நிமிர்த்தி மீண்டும் நம்புவது வீண். விண்ட்லஸின் பற்சக்கர எண்ணெயையும், மின்கம்பி முனைகளின் பச்சைக் களிம்பையும் அவ்வப்போது கவனிக்க வேண்டும். மின்சாரமின்றிக் கையால் அதை இயக்கும் முறையைப் படகிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆழ்கடலில் நங்கூரம் தரையை எட்டாதே, அங்கு என் செய்வது என்று கேட்கலாம். அதற்கும் மார்க்கம் உண்டு. கித்தானால் கூம்பு வடிவாகவோ குடை வடிவாகவோ செய்த மிதவை நங்கூரத்தை அணியத்திலிருந்து நீரில் விட்டால், அது தண்ணீரைப் பற்றிப் படகின் முகத்தை அலையை நோக்கியே நிறுத்தும்; நகர்வையும் குறைக்கும். பக்கவாட்டில் அலை தாக்கிக் கவிழும் அபாயம் அதனால் பெரிதும் தணியும். 2017 நவம்பர் இறுதியில் ‘ஒக்கி’ புயல் கன்னியாகுமரிக் கரையோரை ஆழ்கடலில் சூழ்ந்தபோது எத்தனை வீடுகள் இருண்டன என்பதை நாடு மறக்கவில்லை. அத்தகைய புயலுக்கு எக்கருவியும் முழு மாற்று ஆகாது. முன்னெச்சரிக்கை காலத்தில் சென்று சேர்வதே முதல் ரக்ஷை. ஆயினும், யந்திரம் ஓய்ந்த படகு அலைக்கு முகங்கொடுத்து நிற்பதற்கும் விலாவைக் காட்டிக் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம், உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசமாகலாம்.

நங்கூரம் காக்கும் கருவி மட்டுமன்று. கவனமின்றி இட்டால் அழிக்கும் கருவியுமாகும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்குள்ள பவளப் பாறைமேல் விழும் ஒரு நங்கூரம், பல ஆண்டுகளில் வளர்ந்ததை ஒரு நொடியில் நொறுக்கிவிடும். கடற்புல் மேல் இழுபடும் சங்கிலி, மீன்குஞ்சுகள் வளரும் தொட்டிலையே உழுது போடுகிறது. கடற்பசுவைக் காப்பதற்கென 2022-ஆம் ஆண்டில் பாக் விரிகுடாவில் தனிக் காப்பகம் அறிவிக்கப்பட்டதும் இக்கடற்புல்லின் பொருட்டே. வெறும் மணல் உள்ள இடம் பார்த்து நங்கூரமிடுவது படகுக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது. மணலில் பிடிப்பும் உறுதி.

இறுதியாக ஒன்று. இத்தனையும் தெரிந்த தொழிலாளி பலர் உளர். ஆனால் கயிறும் சங்கிலியும் வாங்கும் பணம் அவர் கையில் இல்லை. பெரிய விசைப்படகுகளில் படகுக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் கரையில் இருப்பவர்; கடலில் இருப்பவர் கூலிக்கும் பங்குக்கும் செல்பவர். குறைந்த விலைக் கயிற்றின் லாபம் ஒருவரைச் சேருகிறது. அது அறுந்தால் வரும் ஆபத்து மற்றொருவரைச் சேருகிறது. இந்த அநீதியை உபதேசத்தால் நீக்க முடியாது; விதியாலும் கண்காணிப்பாலுமே நீக்க முடியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அக்காலத்தில் சர்க்கார் அதிகாரிகள் படகுகளைப் பார்வையிடுவது வழக்கம். படகின் நீளத்தையும் யந்திரத்தின் வலிமையையும் அளப்பதுபோல், நங்கூரக் கயிற்றின் நீளத்தையும், சங்கிலிக் கண்ணியின் தேய்வையும், மாற்று நங்கூரம் ஒன்று உண்டா என்பதையும் அளந்து பதிவு செய்தாலன்றி அப்பார்வை பூரணமாகாது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் நைலான் கயிற்றையும் சங்கிலியையும் மொத்தமாக வாங்கி, தவணையில் வழங்கினால் ஏழைப் படகும் காக்கப்படும்.

கடற்கரையூர்களில் பொதுத்தொண்டு புரியும் அன்பர்களுக்கு நமது விண்ணப்பம் இதுவே. விபத்து நேர்ந்த பின்னர் நிவாரணம் கேட்டு ஊர்வலம் செல்வது கடமைதான். விபத்து நேராதிருக்க முன்கூட்டியே ஒரு கயிற்றைச் சோதிப்பது அதனினும் பெரிய கடமை. அடுத்த முறை துறைக்குச் செல்லும்போது, படகின் யந்திரம் எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்பதோடு நில்லாமல், கயிறு எத்தனை மீட்டர் என்றும் கேளுங்கள். விடை திருப்தி தராவிடில், அன்றே வேலையைத் தொடங்குங்கள்.